தீவிரவாத ஆராய்ச்சிக்குப் புரோகிராம் எழுதும் வேலை: சேரலாமா?

கடிதத்தின் சுருக்கம்

ஆம்பூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றித் தருகிறேன். வயது 29, எம்.சி.ஏ. படித்தவர். சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்த்தவர், குழந்தை பிறந்ததும் வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டார். கணவருக்கு ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலை. கூட்டுக் குடும்பம். இப்போது ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையம் இவருக்குப் பகுதிநேர வேலை தர முன்வந்திருக்கிறது. வாரத்துக்கு 15 மணி நேரம், ஓராண்டு, வீட்டிலிருந்தே பார்க்கலாம். தீவிரவாத வன்முறையைக் குறைக்க என்ன வழி என்பதுதான் அந்த மையத்தின் ஆராய்ச்சி. வன்முறையைத் தூண்டும் தமிழ், உருதுப் பதிவுகளைச் சமூக ஊடகங்களிலிருந்து திரட்டும் புரோகிராம் எழுத வேண்டும், அவற்றை டேட்டாபேஸில் ஒழுங்குபடுத்த வேண்டும், எது ஆபத்தான பேச்சு, எது வெறும் கோபம் என்று கம்ப்யூட்டர் பிரித்தறியப் பழக்க வேண்டும். சில டெலிகிராம் குழுக்களில் வேறு பெயரில் சேர வேண்டியிருக்கலாம் என்று பேராசிரியரின் உதவியாளர் வீடியோ அழைப்பில் சொல்லியிருக்கிறார். ஒப்பந்தம் இன்னும் கைக்கு வரவில்லை. இதுவரை மின்னஞ்சல்தான்.

வீட்டில் யாருக்கும் மனமில்லை. "நம்ம பேரை வச்சிக்கிட்டு இந்த வேலைக்கெல்லாம் போகலாமா?" என்கிறார் மாமியார். தகப்பனார் இன்னும் ஒரு படி மேலே போய், "ஜோலார்பேட்டைப் பையன் ரெண்டு பேட்டரி வாங்கிக் குடுத்ததுக்கு 31 வருசம் உள்ள கெடந்தான். நீ புரோகிராமே எழுதிக் குடுக்கப் போறியா?" என்று கேட்டிருக்கிறார். தம்பி எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கிறார். அவருடைய போலீஸ் விசாரணையில் இது கல்லாக விழுமோ என்ற பயம் வேறு.

வாசகியின் கேள்விகள் இவை: தடை செய்யப்பட்ட அமைப்புகளின் பதிவுகள் என் லேப்டாப்பில் இருந்தாலே குற்றமா? வெளிநாட்டுப் பணம் வாங்க மத்திய அரசின் அனுமதி வேண்டுமா? வி.பி.என். போட்டுக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் செய்துவிட்டால் பிரச்சினை வராதுதானே? கடைசியாக, "வக்கீல் அம்மா, இது நம்ம ஜனங்களையே வேவு பார்க்கிற வேலையாகிவிடாதா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை வேலூர் கோர்ட்டில் வழக்கு அழைப்புக்குக் காத்திருந்த நேரத்தில் படித்தேன், வீட்டுக்கு வந்து மறுபடியும் படித்தேன். முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையை நீங்கள் செய்யலாம். ஆனால் இப்போது அவர்கள் தந்திருக்கும் வடிவில் செய்யக்கூடாது. எதற்காக, யாருக்காக, எந்த எல்லைக்குள் இதைச் செய்கிறீர்கள் என்பது வேலை தொடங்கும் முன்பே காகிதத்தில் இருக்க வேண்டும். நான் கீழே எழுதுவதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

உங்கள் தகப்பனாரின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதை நீங்கள் கொஞ்சம் சலிப்போடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் சலிக்க ஒன்றும் தெரியவில்லை. அவர் சொல்லும் ஜோலார்பேட்டைப் பையன் பேரறிவாளன், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூனில் கைதாகும்போது அவருக்கு வயது 19. இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கித் தந்தார் என்பது அவர்மேல் வைத்த குற்றச்சாட்டுகளில் முக்கியமானது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரை விடுவித்தது. நடுவில் அவருடைய தாய் அற்புதம்மாள் சிறைக்கும் கோர்ட்டுக்கும் நடையாய் நடந்ததை வட ஆற்காடு முழுக்கப் பார்த்தது. பேரறிவாளனின் ஒப்புதல் வாக்குமூலத்தைப் பதிவுசெய்த சி.பி.ஐ. அதிகாரியே, பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். ஆகவே, 'எதற்கென்று தெரிந்து செய்தாரா' என்ற ஒரு கேள்வியில் ஒரு மனிதரின் வாழ்நாள் தொங்க முடியும் என்று உங்கள் தகப்பனார் நினைப்பது சரிதான்.

அவர் கணக்கில் எடுக்காத ஒன்றும் உண்டு. அந்த வாக்குமூலம், அன்றைய தீவிரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் 15-ஆம் பிரிவின்படி ஒரு காவல் கண்காணிப்பாளர் முன் பதிவானது. போலீஸிடம் சொன்னதையே சான்றாக ஏற்க அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. தடா 1995-இல் காலாவதியானது. பின்னால் வந்த பொடாவிலும் அதே வசதி இருந்தது, அது 2004-இல் நீக்கப்பட்டது. இன்று நடப்பில் உள்ள சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில், அதாவது 'உபா'வில், அப்படி ஒரு பிரிவு கிடையாது. போலீஸ் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்ற பழைய விதியே இன்றும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-ஆம் பிரிவாக இருக்கிறது. இதை அவரிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, உபா லேசான சட்டம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பதிவுகள் கையில் இருந்தாலே குற்றமா?

இல்லை. படிப்பதும் வைத்திருப்பதும் மட்டுமே உபாவின் கீழ் குற்றமாகிவிடாது. கேரளத்தில் 2019-இல் கைதான இரண்டு மாணவர்களில் ஒருவரான த்வாஹா ஃபசலின் வழக்கில், 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. தடை செய்யப்பட்ட அமைப்பின் செயல்களை வளர்க்கும் நோக்கம் இருந்தால்தான், அத்தகைய அமைப்போடு தொடர்பையும் அதற்கு ஆதரவையும் குற்றமாக்கும் 38, 39-ஆம் பிரிவுகள் பொருந்தும் என்றது. 2023 ஜூலையில் சமூகச் செயற்பாட்டாளர் வெர்னான் கன்சால்வ்ஸின் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. வன்முறையைப் பரப்பும் எழுத்தாக இருந்தாலும், அதை வைத்திருந்தார் என்பது மட்டும் குற்றமாகாது என்றது.

இதைப் படித்ததும் நிம்மதியாகத் தோன்றும். ஆனால் அந்தத் தீர்ப்பில் ஜாமீன் கிடைக்கும் முன் கன்சால்வ்ஸ் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் சிறையில் இருந்தார். உபாவின் 43டி(5) பிரிவின்படி, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மைபோலத் தெரிந்தாலே நீதிபதி ஜாமீன் தர முடியாது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 180 நாள் வரை அவகாசம் நீட்டிக்கலாம். கடைசியில் ஜெயிக்கக்கூடிய வழக்குகூட ஒரு குடும்பத்தை உருக்குலைத்துவிடும். உங்களுக்கு அப்படி நடக்க வாய்ப்பு குறைவு. நடந்தால் இழப்பு மிகப் பெரிது. அதனால்தான் 'சட்டம் நம் பக்கம்' என்று சொல்வதோடு நிறுத்தாமல், முன்னேற்பாடுகளை நான் வற்புறுத்துகிறேன்.

உங்கள் நோக்கம் ஆராய்ச்சிதான் என்பதை வழக்கு வந்த பிறகு வாயால் சொல்லி நிரூபிப்பது கஷ்டம். பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு, தேதியிட்ட ஒரு கடிதம் அதைச் சுலபமாகச் செய்யும்.

வேறு பெயரில் குழுவில் சேர்வது

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகவே கவலைப்பட வைத்த வரி இது. அந்த உதவியாளர் சாதாரணமாகச் சொல்லியிருக்கலாம். அவர் ஊரில் அது ஆராய்ச்சி முறைகளில் ஒன்றாகக்கூட இருக்கலாம். ஆம்பூரில் இருந்துகொண்டு நீங்கள் அதைச் செய்யக்கூடாது.

காரணம் இருக்கிறது. தடை செய்யப்பட்ட அமைப்பில் வெறுமனே உறுப்பினராக இருப்பது குற்றமாகாது, வன்முறையில் இறங்க வேண்டும் என்று 2011-இல் அரூப் புயான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2023 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. இன்றைக்கு உறுப்பினராகத் தொடர்வதே தண்டனைக்குரியது. ஒரு டெலிகிராம் குழுவில் இருப்பதும் அமைப்பில் உறுப்பினராவதும் ஒன்றா என்று கோர்ட்டில் வாதாடலாம், நானே வாதாடுவேன். ஆனால் போலிப் பெயரில், நிர்வாகியின் கேள்விகளுக்கு ஆதரவாளர்போலப் பதில் சொல்லி உள்ளே நுழைந்த ஒருவருக்காக வாதாடுவது வேறு விஷயம். அதற்கு மேல், ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. அனுமதியில்லாமல் பிறர் கம்ப்யூட்டரிலிருந்து தரவு எடுப்பதற்கு 43-ஆம் பிரிவின்படி இழப்பீடு, கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை.

ஆகவே யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொதுப் பக்கங்கள், பொதுச் சானல்கள் மட்டும். பூட்டிய குழுக்கள் தேவையென்றால் பல்கலைக்கழகம் அந்தந்த நிறுவனத்தோடு பேசி முறைப்படி தரவு பெறட்டும். உங்கள் சிம் கார்டு, உங்கள் மொபைல், உங்கள் முகம் அதற்குள் போக வேண்டாம்.

வி.பி.என். யோசனையும் இதைப் போன்றதே. இணையத்தில் நாம் யார், எங்கிருக்கிறோம் என்பதை அது மறைக்கும் என்பது பாதி நம்பிக்கைதான். வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்று இந்தியாவில் சேவை தரும் வி.பி.என். நிறுவனங்களுக்கு 2022 ஏப்ரலிலேயே மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டது. அதைவிட முக்கியமானது, மறைத்துச் செய்தது என்ற ஒன்றே நாளை உங்களுக்கு எதிராகப் பேசும். பல்கலைக்கழகம் தன் சர்வருக்குள் நுழையத் தரும் வி.பி.என். வேறு, அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். வீட்டிலும் ஒளிக்காதீர்கள். கணவருக்கும் தகப்பனாருக்கும் தெரிந்தே செய்யுங்கள்.

லேப்டாப்பில் என்ன இருக்கலாம், என்ன கூடாது

நீங்கள் புரோகிராமர், அதனால் இதை விவரமாகவே எழுதுகிறேன். குழந்தையின் போட்டோ இருக்கும் லேப்டாப்பில் இந்த வேலை வேண்டாம். பல்கலைக்கழகம் தனி லேப்டாப் அனுப்பட்டும், அல்லது எல்லாமே அவர்கள் சர்வரில் நடக்கட்டும். நீங்கள் இங்கிருந்து உள்ளே போய் வேலை பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். திரட்டும் புரோகிராம் எழுத்தை மட்டும் எடுக்கட்டும். படமும் வீடியோவும் தானாக இறங்கும்படி வைக்காதீர்கள். குழந்தைகளின் பாலியல் படம் ஒன்று அந்தக் குவியலில் வந்து சேர்ந்தால், அங்கே 'ஆராய்ச்சிக்காக வைத்திருந்தேன்' என்ற வாதத்தை நம்பி நீங்கள் நிற்க முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் அவற்றைத் திரட்டுவதும் பதிவிறக்குவதுமே குற்றம். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் யாருக்கும் 'பாருங்கள்' என்று அனுப்பாமல், உடனே பேராசிரியருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அங்கிருந்து முறைப்படி புகார் போக வேண்டும்.

வன்முறை வீடியோக்களை அடையாளம் காண அவற்றை வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ஒரு கோப்பின் கைரேகை மாதிரியான 'ஹாஷ்' எண் போதும். 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் அதை நேரலையில் காட்டினான். முதல் 24 மணி நேரத்தில் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாக ஃபேஸ்புக் சொன்னது. உங்களைப் போன்றவர்கள் எழுதிய புரோகிராம்கள்தான் அந்த வேலையைச் செய்தன.

இன்னொன்று. திரட்டியதை, புரோகிராமர்கள் கோப்பு பகிரும் கிட்ஹப்பிலோ வாட்ஸ்அப்பிலோ எங்கும் பகிராதீர்கள், 'எவ்வளவு மோசம் பாருங்கள்' என்று சொல்லிக்கூட. வைத்திருப்பதும் பரப்புவதும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு.

இது வேவு பார்ப்பதா?

இந்தக் கேள்வியைக் கடைசியாக, தயங்கித் தயங்கி எழுதியிருந்தீர்கள். நான் இதைத்தான் பெரிய கேள்வி என்று நினைக்கிறேன்.

இந்தத் துறையில் நல்ல வேலை நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகம் 1970-லிருந்து உலகெங்கும் நடந்த தாக்குதல்களை ஒவ்வொன்றாகப் பதிவுசெய்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நிகழ்வுகள் கொண்ட டேட்டாபேஸாக வைத்திருக்கிறது. அதில் 1993-ஆம் ஆண்டு மட்டும் இல்லை. அந்த ஆண்டின் பதிவுகள் ஓர் அலுவலக இடமாற்றத்தில் தொலைந்துபோயின. தரவை ஒழுங்காக வைப்பது என்ற சாதாரண வேலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இப்படி எண்ணி எண்ணி வைத்ததால் என்ன தெரிந்தது? 1968 முதல் 2006 வரை இயங்கிய 648 தீவிரவாதக் குழுக்களை ஆராய்ந்து ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2008-இல் ஓர் அறிக்கை தந்தது. முடிவுக்கு வந்த குழுக்களில் 43 சதவீதம் அரசியல் பாதைக்குத் திரும்பியதால் ஓய்ந்தவை. 40 சதவீதம் போலீஸ் நடவடிக்கையால் ஓய்ந்தவை. ராணுவத்தால் ஒடுக்கப்பட்டவை வெறும் 7 சதவீதம். பேச்சுவார்த்தைக்காக வாதாடுகிறவர்களின் கையில் இப்படி ஓர் எண் இருப்பது சின்ன விஷயமில்லை.

நம் பக்கத்துக்கும் இது அந்நியமான சங்கதி இல்லை. 1980-இல் திருப்பத்தூர், தருமபுரிப் பக்கம் நக்சலைட் வன்முறையும் அதைத் தொடர்ந்த என்கவுன்டர்களும் எத்தனை வீடுகளைக் காலி செய்தன என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2013 ஜூலையில் இந்து முன்னணியின் வெள்ளையப்பன் வேலூரில் கொல்லப்பட்டார். 2015 ஜூனில் உங்கள் ஆம்பூரிலேயே, போலீஸ் விசாரணைக்குப் போய்வந்த இளைஞர் ஒருவர் இறந்ததை ஒட்டிக் கலவரம் வெடித்தது. ஒவ்வொரு முறையும் வதந்தி நம் கால்களைவிட வேகமாக ஓடியது. அது எங்கே பிறக்கிறது, எப்படித் தணிகிறது என்று யாராவது பொறுமையாக ஆராய்ந்தால் நல்லது. அதை நம் மொழியும் நம் தெருவும் தெரிந்த ஒருவர் செய்தால் இன்னும் நல்லது. 'வெட்டுவேன்டா' என்று தேர்தல் நேரத்தில் கத்துகிறவனுக்கும் உண்மையில் ஆயுதம் சேர்க்கிறவனுக்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். எங்கோ இருக்கும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

ஆனால் உங்கள் பயத்துக்கும் இடம் இருக்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் பேரில் உண்மையில் ஆபத்தானவர்கள் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் புரோகிராம் 99 சதவீதம் சரியாகச் சொல்கிறது. அப்போதும் அது ஏறக்குறைய ஆயிரம் அப்பாவிகளை ஆபத்தானவர்கள் என்று காட்டும். பட்டியலில் இருக்கும் நூறு பேரில் ஒருவர்தான் உண்மையான ஆள். இந்தப் பட்டியல் பெயரும் ஊரும் சேர்த்து யாரிடமாவது போனால், மீதி 99 பேரின் கதவைப் போலீஸ் தட்டும். ஆகையால் ஊர் அளவில், மாத அளவில் போக்குகளைப் பார்க்கும் ஆராய்ச்சிக்கு உதவுங்கள். தனி ஆட்களை அடையாளம் காட்டும் கருவியாக உங்கள் புரோகிராம் மாறக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே கேளுங்கள். இது வெறும் நல்லெண்ணம் மட்டும் இல்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்கு விலக்கு தரும் இடத்தில், அந்தத் தரவை வைத்துக் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்கக்கூடாது என்று நிபந்தனை போடுகிறது.

பணம் யார் தருகிறார்கள் என்றும் கேளுங்கள். வெளிநாட்டு ராணுவமோ உளவுத்துறையோ என்றால், என் ஆலோசனை ஒதுங்கிக்கொள்வதுதான். அந்த மையத்தின் நெறிமுறைக் குழு இந்தத் திட்டத்தை ஒப்புக்கொண்டிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சிக்கு நோயாளியைச் சேர்க்கும் முன் விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு அனுமதி தருவது இப்படி ஒரு குழுதான். ஒப்புதல் எண்ணும் தேதியும் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிஜமான தாக்குதல் திட்டம் கண்ணில் பட்டால்?

இதை நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கொலை, அரசுக்கு எதிரான குற்றங்கள் போன்றவை நடக்கப் போவதாகத் தெரிந்தால், பக்கத்துப் போலீஸுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்ல வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 33-ஆம் பிரிவு எல்லோர்மேலும் கடமை வைக்கிறது. ஆராய்ச்சியாளருக்கு இதில் விலக்கு இல்லை. கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியிட வேண்டியதில்லை என்பது போன்ற பாதுகாப்பும் ஆராய்ச்சியாளருக்குக் கிடையாது. எனவே பேராசிரியரிடம் சொல்வதற்கான வழியும், அவர் தூங்கும் நேரமாக இருந்தால் நீங்களே 112-க்கு அழைக்க அனுமதியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

அதற்காக வேலையில் சேரும்போதே ஸ்டேஷனுக்குப் போய் 'நான் இப்படி ஒரு வேலை செய்கிறேன்' என்று எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. எந்தச் சட்டமும் அப்படிக் கேட்கவில்லை. போலீஸ் விசாரிக்க விரும்பினால், அதே சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவின்படி சாட்சியாக ஒரு பெண்ணை அவர் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும், ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. ஆவணம் கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். லேப்டாப்பை எடுத்தால், கைப்பற்றியவற்றின் பட்டியலும் லேப்டாப்பின் ஹாஷ் எண்ணும் கேட்டு வாங்குங்கள். சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோவில் பதிவுசெய்வது இப்போது கட்டாயம், 105-ஆம் பிரிவு. வக்கீலுக்குச் செலவு செய்ய முடியாவிட்டால் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்ப்பதில்லை.

தம்பியின் வேலை, வெளிநாட்டுப் பணம்

தம்பியைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். போலீஸ் வேலைக்கான விசாரணையில் பார்ப்பது அவருடைய நடத்தையையும் அவர்மேல் உள்ள வழக்குகளையும்தான். அக்கா ஒரு பல்கலைக்கழகத்தில் சட்டப்படி வேலை பார்ப்பது அவருக்குக் குறையாகாது. யாராவது கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். மறைத்தது தெரிந்துதான் பலருடைய வேலை போயிருக்கிறது.

பணத்துக்கும் அனுமதி தேவையில்லை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் நன்கொடைக்கானது. தொழிலாகச் செய்த வேலைக்கு வாங்கும் கூலியை அந்தச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு நேராக வரட்டும், மாதா மாதம் பில் அனுப்புங்கள், வங்கியிடம் வெளிநாட்டு வரவுக்கான சான்று கேட்டு வாங்குங்கள், வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டாம்.

அப்புறம், இந்த அழைப்பே உண்மையா என்று பார்த்தீர்களா? பகுதிநேர வேலை என்ற பெயரில் டெலிகிராமில் நடக்கும் மோசடி கொஞ்சநஞ்சம் இல்லை. பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ மின்னஞ்சல் முகவரியிலிருந்து கடிதம் வர வேண்டும். அவர்களுடைய இணையதளத்தில் அந்தப் பேராசிரியரின் முகவரியைத் தேடி எடுத்து, நீங்களாக ஒரு மின்னஞ்சல் அனுப்பி உறுதி செய்யுங்கள். முன்பணம் கேட்டாலோ, உங்கள் கணக்கு வழியாக வேறு யாருக்காவது பணம் அனுப்பச் சொன்னாலோ அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் மனசு

வக்கீல் எழுத வேண்டியதா என்று நினைக்காதீர்கள். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு இரவில் தனியாக உட்கார்ந்து கொலைப் பேச்சுகளைப் படிக்கும் வேலை இது. இப்படிப்பட்ட பதிவுகளைப் பார்த்துப் பார்த்து மனநலம் கெட்டதாக வழக்குப் போட்ட அமெரிக்க ஊழியர்களுக்கு ஃபேஸ்புக் 2020-இல் 5.2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. பகலில் வேலை செய்யுங்கள். தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் பார்க்காதீர்கள். படம் பார்த்தே ஆக வேண்டுமென்றால் நிறத்தை எடுத்துவிட்டு, சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். மாதம் ஒருமுறை மனநல ஆலோசகரிடம் பேச அவர்கள் செலவில் ஏற்பாடு கேளுங்கள். தூக்கம் கெட்டால் தள்ளிப் போடாமல் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநலப் பிரிவுக்குப் போங்கள். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் டெலி-மானஸ் எண் 14416 இருக்கிறது.

மாமியார் சொன்ன 'நம்ம பேரை வச்சிக்கிட்டு' என்ற வார்த்தைக்கு என்னிடம் சட்டப்பிரிவு எதுவும் இல்லை. ஒரே செயலைச் செய்யும் இரண்டு பேரில் ஒருவரைப் பெயர் பார்த்து அதிகம் சந்தேகிப்பது நடக்கிறது, கோர்ட்டில் அதை நேரில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அது அநியாயம். அந்த அநியாயத்துக்காக நீங்கள் படித்த படிப்பைக் கட்டி வைக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மற்றவர்கள் ஒரு காகிதம் வைத்திருக்கும் இடத்தில் நீங்கள் மூன்று வைத்திருங்கள் என்றுதான் சொல்வேன்.

இந்த வாரமே பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். எழுத்தில் ஒப்பந்தம், உங்கள் வேலை என்ன என்று விவரிக்கும் பல்கலைக்கழகக் கடிதம், நெறிமுறைக் குழு ஒப்புதலின் நகல், பணம் தருவது யார் என்ற விவரம், பொதுப் பதிவுகள் மட்டும் என்ற உறுதி, தனி லேப்டாப் அல்லது சர்வர் வசதி, சட்டச் சிக்கல் வந்தால் உங்களுக்கு வக்கீல் செலவை அவர்கள் ஏற்பது: இவற்றைக் கேளுங்கள். நல்ல மையமாக இருந்தால் இதில் முக்கால்வாசியை ஏற்கெனவே தயாராக வைத்திருப்பார்கள், கேட்டதற்காக உங்களை மதிக்கவும் செய்வார்கள். லேப்டாப் விஷயத்தில் பேரம் பேசலாம், மணி நேரத்தில் பேசலாம். போலிப் பெயர் வேண்டாம் என்பதிலும் எழுத்தில் ஒப்பந்தம் என்பதிலும் இறங்கி வராதீர்கள். இந்த இரண்டில் ஒன்றுக்கு 'அதெல்லாம் தேவைப்படாது' என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு வேறு வேலை தேடுங்கள். ஒப்பந்தம் வந்தால், கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். தகப்பனாரும் கூட வருவதென்றால், அவர் கேட்க நினைப்பதை அங்கேயே கேட்கட்டும்.